சுக்கான் பக்கத்து இடம்

மண்டால்
19 மே 2025

அன்பு மச்சாள் சிந்தியாவுக்கு,

ஆண்டவர் துணையால் உங்கள் அண்ணாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அவர் கறுத்துப்போனார், நான் மெலிந்துபோனேன், மற்றப்படி ஒரு குறையும் இல்லை. உங்கள் முழங்கால் நோ எப்படி?

கையில் தொலைபேசி இருக்க இவள் ஏன் கடதாசி எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். இந்தப் படகு எட்டு மீட்டர் நீளம். நான் தொலைபேசியில் கதைத்தால் இவர் காதில் விழாத மூலை ஒன்றும் இதற்குள் இல்லை. குடும்பக் குழுவில் எழுதினால் கனடா வரைக்கும் போய்விடும். கடிதம் என்றால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அதோடு நான் தபால் கந்தோர்க்காரரின் மகள், எழுதாமல் இருந்தால் கை உளையும்.

நாங்கள் புறப்பட்ட அன்று ஒஸ்லோக் கரையில் நின்று எல்லோரும் சிரித்தீர்கள். எனக்குத் தெரியும். நீந்தத் தெரியாதவள், கொய்யாத்தோட்டத்தில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் பாராதவள், இந்த நாட்டு வடமுனை வரைக்கும் போகிறாளாம். முதல் பத்து நாளும் சத்திதான். இவர் ஒரு வாளியைக் கழுவிக் கழுவி முன்னால் வைத்துக்கொண்டிருந்தார். கிறிஸ்தியான்சாண்டுக்குப் பிறகு வயிறு அடங்கிவிட்டது.

நேற்று இவர் சுக்கானை என் கையில் தந்தார். "பிடி, நான் தேத்தண்ணி வைக்கிறன்" என்றார். கலியாணம் கட்டி முப்பத்தொரு வருடத்தில் எனக்கு அவர் வைத்த முதல் தேநீர். சுக்கானுக்குப் பக்கத்தில் ஒரு பலகை இருக்கிறது அல்லவா, ஒருவர் மட்டும் இருக்கக்கூடிய அகலம். அதுதான் இப்போது என் இடம்.

வெஸ்ட்லி வீட்டுப் பூச்சாடிகளைப் பார்த்துக்கொள்வதற்கு நன்றி. அடுத்த கடிதத்தை மோலோய் தபாற்கடைக்குப் போடுங்கள். உங்கள் அண்ணா அன்பைச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
அருள்நாயகி


ரொம்மன்
28 மே 2025

அன்புள்ள மச்சாள்,

கடிதம் கிடைத்தது. நீங்கள் இருவரும் சுகம் என்பதில் சந்தோஷம். நானும் சுகம். முழங்கால் அப்படியேதான்.

ஒருநாள் விட்டு ஒருநாள் வெஸ்ட்லிக்குப் போகிறேன். எப்படியும் நான் ஓட்டும் ஐந்தாம் இலக்கப் பாணா ரயில் அங்கேதான் முடிகிறது, இறங்கி நடந்தால் உங்கள் வீடு. பூச்சாடிகள் நலம். உங்கள் குசினி அலுமாரியில் சீனியும் மிளகாய்த்தூளும் ஒரு ஒழுங்கில்லாமல் இருந்தன. எல்லாவற்றையும் இறக்கித் துடைத்து வேறுவிதமாக அடுக்கியிருக்கிறேன். வந்து பார்த்தால் உங்களுக்கே பிடிக்கும்.

சுக்கான் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அது கையால் செய்யும் வேலை இல்லை. அலை வருவதற்கு முன்பே உடம்புக்குத் தெரிய வேண்டும். ஊர்காவற்றுறைக் கடலோரத்தில் பிறந்த எங்களுக்கு அது தானாக வரும். உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், பரவாயில்லை. நானும் இங்கே ஆறு பெட்டியை இழுத்துக்கொண்டுதான் போகிறேன். ஆனால் திருப்புவது நான் இல்லை, தண்டவாளம்.

இரண்டு விசயம். அண்ணாவுக்கு அந்தி நேரத்தில் இடது கண் தெளிவில்லை. உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மற்றது, மோலோய் தாண்டினால் ஸ்டாட் முனை வரும். அங்கே காற்றுக் காரணமாகக் காத்திருக்க வேண்டி வரும். அண்ணாவுக்குக் காத்திருக்கத் தெரியாது. யாராவது தடுக்க வேண்டும். நான் என்றால் தடுப்பேன்.

கவனமாக இருங்கள்.

சிந்தியா


மோலோய்
14 ஜூன் 2025

அன்பு மச்சாள்,

வேலைக்கு நடுவிலும் பதில் போட்டதற்கு ஆண்டவர் உங்களுக்குச் சுகம் தரட்டும். நாங்கள் நலம். இன்றோடு ஐந்து நாள் இந்தத் துறையில் கட்டிக்கிடக்கிறோம். ஸ்டாட் பக்கம் காற்று விடுவதாக இல்லை.

நீங்கள் எழுதியபடியே மூன்றாம் நாள் இவருக்குப் பொறுமை போய்விட்டது. நான் தடுக்கவில்லை. "ஓம், வெளிக்கிடுவம்" என்றேன். உடனே என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கென்ன விசரே, இந்தக் காத்திலையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். இப்படித்தான் மச்சாள் இவரை இருத்துவது. கண் விசயமும் எனக்குத் தெரியும். ஐந்து வருடமாக மருந்து விடுவது நான்தானே.

காத்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வீட்டில் நான் பாலர் பள்ளி வேலையால் வர அவர் பஸ் திருத்தும் வேலைக்குப் போவார். ஒருவர் சாப்பிட்ட கோப்பையை மற்றவர் கழுவியதுதான் எங்கள் வாழ்க்கை. இங்கே மழை கூரையில் விழ, இரண்டு பேரும் கடுதாசிச் சீட்டு விளையாடுகிறோம். முந்தநாள் வெயில் எறித்தது. கேத்தலில் தண்ணீர் சூடாக்கி, என்னைப் படகின் மேல்தட்டில் இருத்தி, இவர் எனக்குத் தலைமுழுக வார்த்தார். பக்கத்துப் படகு நோர்வேஜியக் கிழவர் பார்த்துத் தொப்பியைத் தூக்கினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

சீனியை எங்கே வைத்தீர்கள் என்று ஞாபகம் வைத்திருங்கள்.

அன்புடன்,
அருள்நாயகி


ரொம்மன்
23 ஜூன் 2025

மச்சாளுக்கு,

கடிதம் கண்டேன். சுகமாக இருப்பது தெரிகிறது.

அண்ணா யாருக்காவது தலைமுழுக வார்த்ததாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் அம்மா படுக்கையில் கிடந்தபோதும் நான்தான் வார்த்தேன். மனிதர்கள் மாறுவார்கள்போல.

பூச்சாடிகள் நலம்.

சிந்தியா


றோர்விக்
8 ஜூலை 2025

அன்பு மச்சாள்,

உங்கள் கடிதத்தில் என் சுகம் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அவர் சுகம். நான் முழுக்கச் சுகமில்லை, வலது கையில் கட்டுப் போட்டிருக்கிறது. இதை இடது கையால் எழுதுகிறேன், எழுத்து நெளிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வியாழக்கிழமை இந்தத் துறைக்குள் வரும்போது மூடுபனி. படகின் முன் அணியத்தில் நின்ற எனக்கு என் கையே தெரியவில்லை. திடீரென்று ஒரு மீன்பிடிக் கப்பல் பனிக்குள்ளிருந்து மாடிவீடு மாதிரி எழும்பி வந்தது. இவர் படகை வெட்டித் திருப்பி இறங்குமேடையோடு சேர்க்கப் பார்த்தார். நீரோட்டம் எங்களை மற்றப் பக்கம் இழுத்தது. அப்போது இவர் கத்தினார்:

"சிந்தியா, கயித்தை எறி!"

எறிந்தேன் மச்சாள். மேடையில் நின்ற ஒருவன் பிடித்தான். மற்றத் தலைப்பைப் படகுக் கொழுவியில் சுற்றாமல் நான் கையிலேயே பிடித்திருந்தேன். கயிறு உள்ளங்கையைச் சீவிக்கொண்டு ஓடியது. விடவில்லை. படகு நின்றது.

பிறகு இவர் மருந்து போட்டுக் கட்டிவிட்டார். "கெட்டிக்காரி" என்றார். எந்தக் கெட்டிக்காரி என்று கேட்க வாய்வரை வந்தது. தான் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது. நானும் சொல்லவில்லை.

உங்களுக்குச் சொல்கிறேன். இந்தப் படகு ஒஸ்லோவிலிருந்து மூன்று பேரோடுதான் வருகிறது. "சிந்தியா எண்டால் இந்த முடிச்சை ஒரு கையாலை போடுவாள்." "சிந்தியாவுக்கு இந்த மீன் விருப்பம்." "சிந்தியா இந்தத் தீவைப் பாக்கவேணும்." நான் சுக்கானில் இருந்தால் இவர் என்னைப் பார்க்கமாட்டார், சுக்கானைத்தான் பார்ப்பார். நீங்கள் இருந்தால் எப்படிப் பிடித்திருப்பீர்கள் என்று அளக்கிற பார்வை அது. தலைமுழுகிய கதையை ஏன் எழுதினேன் தெரியுமா? உங்களுக்குச் சுட வேண்டும் என்றுதான். அந்தத் தண்ணீரை வார்க்கும்போதும் அவர் உங்களைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தார்.

இந்த மாதக் கடைசியில் பூடோவில் நிற்போம். எழுதினால் எழுதுங்கள்.

அருள்நாயகி


ரொம்மன்
21 ஜூலை 2025

அன்புள்ள மச்சாள்,

உங்கள் கை ஆறிவிட்டதா? காயத்தில் உப்புத் தண்ணீர் பட விடாதீர்கள்.

கடிதம் வந்து ஒன்பது நாள். பதில் எழுத உட்கார்ந்து எழும்பினேன். உண்மையைச் சொல்வதென்றால், அண்ணா என் பெயரைக் கூப்பிட்ட இடத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். உங்கள் கை உரிந்தது அதற்குக் கொஞ்சம் கீழேதான் எழுதியிருந்தது. அங்கே போய்ச் சேர எனக்குப் பிந்தியது. இதை இதைவிட மரியாதையாக எழுத எனக்குத் தெரியவில்லை.

நீங்கள் மறைக்காமல் எழுதினீர்கள், நானும் எழுதுகிறேன்.

எண்பத்தெட்டில் நானும் அண்ணாவும் வடகோடிப் பாட்ஸ்பியோர்ட் மீன் தொழிற்சாலையில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். எனக்கு இருபது வயது. வெட்டு மேசைக்கு முன்னால் யன்னல். பின்னேரங்களில் படகுகள் வரிசையாக உள்ளே வரும். ஊரில் அப்பா என்னை வள்ளத்தில் ஏற்றியதில்லை, பெண்பிள்ளை என்று. அண்ணாதான் அவருக்குத் தெரியாமல் ஏற்றிப் பழக்கியவர். அந்த யன்னலுக்கு முன்னால் ஒருநாள் அவர் சொன்னார்: "ஒருநாளைக்கு நாங்கள் ரெண்டுபேரும் சொந்தப் படகிலை இதாலை உள்ளை வருவம்." நான் கையுறையோடு அவர் கையில் அடித்துச் சத்தியம் வாங்கினேன்.

பிறகு ஒஸ்லோ, பிறகு நீங்கள் வந்தீர்கள், ஜோனாஸ் பிறந்தான். நான் கலியாணம் கட்டவில்லை. யாரும் தடுக்கவில்லை, அது அப்படியே போய்விட்டது. அதற்கு நான் அழுகிறதில்லை. ஆனால் அண்ணா இந்தப் படகை வாங்கி மூன்று வருடம் சனிக்கிழமை தவறாமல் அதன் அடியைச் சுரண்டி, பூசி, மினுக்கியது யார்? நீங்கள் சோற்றுப் பார்சல் கொண்டுவந்து தந்துவிட்டு, குளிர்கிறது என்று காருக்குள் இருந்தீர்கள். அந்தப் பலகைக்கு வார்னிஷ் அடித்தது நான்.

தை மாதத்திலேயே வேலையில் கோடைக்குச் சம்பளமில்லா விடுப்புக் கேட்டு வாங்கியிருந்தேன். அண்ணா கேட்பார் என்று காத்திருந்தேன். உயிர்த்த ஞாயிறு சாப்பாட்டில் அவர் எழும்பி நின்று, "அருள் வாறன் எண்டிட்டாள்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மறு கிழமை விடுப்பைத் திருப்பிக் கொடுத்தேன்.

அது என் இடம் மச்சாள். நீங்கள் அதில் இருந்து தேநீர் குடித்ததை வாசித்த நாள் தொடக்கம் உங்கள் வீட்டு அலுமாரியை இரண்டு தடவை இறக்கி அடுக்கிவிட்டேன்.

சிந்தியா


பூடோ
30 ஜூலை 2025

அன்பு மச்சாள்,

கை ஆறிவிட்டது. உங்கள் முழங்காலுக்கும் ஆண்டவர் ஒரு வழி காட்டட்டும்.

பலகைக்கு வார்னிஷ் அடித்தது நீங்கள் என்று தெரிந்திருந்தால், கீழே துணி விரித்து இருந்திருப்பேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இவரைக் கேட்டேன், ஏன் சிந்தியாவைக் கேட்கவில்லை என்று. கயிறு சுற்றிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "அவள் வேலையை விட்டிட்டு வரமாட்டாள் எண்டு நினைச்சன்" என்றார்.

"அப்ப என்னை ஏன் கேட்டனீங்கள்?"

கயிற்றைச் சுற்றி முடித்துக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "நீ வரமாட்டாய் எண்டுதான் கேட்டனான்."

பொய் சொல்லத் தெரியாத மனிதன். முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகு எனக்குக் கிடைத்த மறுமொழி இது. தனியாகப் போகவே அவர் யோசித்திருக்கிறார், மரியாதைக்கு என்னைக் கேட்டிருக்கிறார். நான் ஓம் என்றதும் திரும்ப எடுக்க முடியவில்லை. அந்தப் பலகை எனக்கும் தந்ததில்லை மச்சாள், நான்தான் போய் இருந்தேன்.

ஓகஸ்ட் பத்தாம் திகதி துரொம்சோவில் நிற்போம். நான் அங்கே இறங்குகிறேன். உங்கள் ஆண்டு விடுமுறையை எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். பாட்ஸ்பியோர்ட் உங்களுடையது, நீங்களே போய்ச் சேருங்கள். உங்கள் அண்ணாவிடம் கை நோகிறது என்று சொன்னேன். "கை நோ மாறினாப் பிறகு போவமே" என்றார். கை மாறிவிட்டது, நான்தான் மாறவில்லை என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

என் சாரமும் கம்பளியும் பின்பெட்டிக்குள் இருக்கின்றன. குளிர்ந்தால் போடுங்கள்.

அருள்நாயகி


ஹம்மர்பெஸ்ட்
18 ஓகஸ்ட் 2025

அன்புள்ள மச்சாள்,

நாங்கள் சுகம். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து களைப்பு ஆறியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். துரொம்சோ மேடையில் நாம் இருவரும் சரியாக நின்று கதைக்கவில்லை. விமானத்துக்கு நேரமாகிவிட்டது.

இந்தக் கடலை எப்படி எழுதுவது. மரம் ஒன்றுகூட இல்லை, மலையெல்லாம் வெறும் கல். கல்லில் இறங்கும் வெளிச்சம் தண்ணீரில் நீண்டு கிடக்கிறது. அலை எனக்கு அந்நியமாக இல்லை, என்னை அறிந்ததுபோல் வந்து தூக்கி வைக்கிறது. முழங்கால் நோகவில்லை. சுக்கான் பிடித்த கையை எடுக்க மனமில்லை. திமிங்கிலம் ஒன்று படகுக்குக் கிட்ட மூச்சு விட்டது. நேற்று நானே மீன் பிடித்துப் புளி விட்டுக் காய்ச்சினேன்.

இவ்வளவு காலமும் சுரங்கத்துக்குள் ஓடியது யாரோ வேறு பெண் என்று தோன்றுகிறது. உங்களுக்கு என் நன்றி.

அடுத்த கடிதத்தை ஹொன்னிங்ஸ்வோக்குக்குப் போடுங்கள்.

சிந்தியா


வெஸ்ட்லி
25 ஓகஸ்ட் 2025

அன்பு மச்சாள்,

உங்கள் சுகத்துக்குத் தோத்திரம். நானும் சுகம் என்றுதான் எழுத வேண்டும்.

சீனியை ஒரு மாதிரிக் கண்டுபிடித்தேன். சமையல் சோடாவை இன்னும் காணவில்லை. நீங்கள் அடுக்கிய விதம் நல்லதுதான். அதனால் கூடுதல் ஆத்திரம்.

வீட்டுக்கு வந்தால் நிம்மதி என்று நினைத்தேன். தரை அசையவில்லை மச்சாள். குசினியில் நின்றால் கால் தானாக அகன்று நிற்கிறது. யன்னலால் எட்டிப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்க்கிறேன். ஒன்பதாம் மாடியில் காற்றுப் பார்த்து என்ன செய்ய? ஒருநாள் மனம் கேளாமல் பாணாவில் ஏறி, கடைசி வண்டியில் நின்றுகொண்டே போய்த் திரும்பி வந்தேன். வளைவுகளில் கொஞ்சம் ஆடியது. கடை வைத்திருக்கும் ராசமலர் என்னைக் கண்டு, "வீட்டுக்குத் திரும்பினது சந்தோசமோ?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கடல் இருக்கிறது, கல் இருக்கிறது, திமிங்கிலம் இருக்கிறது. உங்கள் அண்ணா அதில் ஓர் இடத்திலும் இல்லை. அவர் பின்னேரங்களில் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார், காற்று எத்தனை, டீசல் எவ்வளவு என்று சொல்லிவிட்டு வைக்கிறார். என்ன கதைக்கிறீர்கள் இரண்டு பேரும்? அவர் இப்போதும் தேநீர் வைக்கிறாரா? அறிய விருப்பமில்லை, ஆனால் எழுதுங்கள்.

அருள்நாயகி


பாட்ஸ்பியோர்ட்
4 செப்டம்பர் 2025

அன்புள்ள மச்சாள்,

வந்து சேர்ந்துவிட்டோம். இருவரும் சுகம். சமையல் சோடா மேல் தட்டில், அரிசி மாவுக்குப் பின்னால்.

கேட்டீர்கள், எழுதுகிறேன். ஹம்மர்பெஸ்டிலிருந்து எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அது முழுதும் இல்லை.

அண்ணா தேநீர் வைக்கிறார். இரண்டு கோப்பை, இரண்டும் சீனி இல்லாமல். நான் இரண்டு கரண்டி போட்டுக் குடிக்கிறவள் என்பது அவருக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். சீனி இல்லாமல் குடிப்பது நீங்கள். முதல் நாள் பார்த்துக்கொண்டு குடித்தேன், பிறகும் சொல்லவில்லை. "இந்த மாதிரி இடத்திலை அருள் பாட்டெடுப்பாள்" என்கிறார். "அருள் எண்டால் இப்ப கால் நனைப்பாள்" என்கிறார். நான் ஒரு மலையைக் காட்டினால், அதைப் பார்த்து நீங்கள் என்ன பகிடி சொல்லியிருப்பீர்கள் என்று யோசித்துத் தானே சிரிக்கிறார். பக்கத்தில் இல்லாத ஆளோடுதான் அவர் பயணம் செய்வார்போல. உங்கள் பயணத்தில் அது நான், என் பயணத்தில் நீங்கள்.

நோர்ட்கின் முனையில் கடல் எழும்பியது. ஊர்காவற்றுறைக்காரி நான் வாளியோடு குந்தியிருந்தேன். அண்ணா வாளியைக் கழுவிக் கழுவி வைத்தார். அலை ஒன்று மேலே வந்தபோது, "அருள், குனி!" என்று கத்தினார். குனிந்தேன்.

அன்றைக்கு உங்கள் மேல் வந்த எரிச்சல் மே மாதத்தில் வந்ததைவிடப் பெரிது. அப்போது நீங்கள் என் இடத்தில் இருந்தீர்கள். இப்போது நானே அந்த இடத்தில் இருக்கிறேன், அது இன்னும் உங்களுடையதாக இருக்கிறது. உங்கள் கம்பளியை வேண்டுமென்றே போடாமல் விறைத்தேன்.

இனி, நேற்று. காலையில் பியோர்ட் குடாவின் வாய் தெரிந்தது. அண்ணா எழும்பி, "பிடி" என்று சுக்கானைத் தந்தார். ஞாபகம் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் முன்னால் போய்ப் பாய்மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று தொலைபேசியை எடுத்தார். உங்களைத்தான் கூப்பிட்டார். கையை நீட்டித் திரையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பாத்தியே அருள், இதுதான்... இஞ்சைதான்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். உள்ளே வரும் முழு நேரமும் எனக்குத் தெரிந்தது அவர் முதுகு.

அந்தச் சத்தியத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. ஞாபகப்படுத்தி வாங்கினால் அது என்ன சத்தியம்?

நான் சுக்கானைப் பிடித்தேன். காற்று இடப்பக்கம், தண்ணீர் கறுப்பு. நாங்கள் வேலை செய்த கட்டடத்தின் யன்னல் வரிசை அப்படியே இருந்தது. ஒரு யன்னலில் வெள்ளைத் தொப்பி போட்ட பெண் ஒருத்தி வெளியே பார்த்துக்கொண்டு நின்றாள். இருபது வயது இருக்கும். எந்த நாட்டுப் பிள்ளையோ தெரியாது. நான் கை காட்டினேன். அவளும் கத்தி பிடித்த கையால் காட்டினாள். அண்ணாவுக்கு இது தெரியாது. அவருக்கு நான் சொல்லப்போவதும் இல்லை. இது மட்டும் எனக்கு.

படகைக் குளிர்காலத்துக்கு இங்கேயே கரையேற்றிவிடலாம் என்கிறார். நான் அடுத்த கிழமை விமானத்தில் வருகிறேன். பதினாறாம் திகதி வேலை.

சிந்தியா


வெஸ்ட்லி
9 செப்டம்பர் 2025

அன்பு மச்சாள்,

உங்கள் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. இதை விரைவுத் தபாலில் போடுகிறேன், நீங்கள் வெளிக்கிட முன்பு கிடைக்க வேண்டும். சுகம் விசாரிப்பதை நேரில் வைத்துக்கொள்வோம்.

அன்று அவர் எனக்குத் துறைமுகம் காட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். மச்சாள், உங்கள் அண்ணா கண்ணாடி போடவில்லை. தொலைபேசியைத் தன் பக்கம் பார்க்கும்படி வைத்துக்கொண்டு கதைத்திருக்கிறார். "பார், பார்" என்று அவர் சொன்ன அந்த இருபது நிமிடமும் எனக்குத் துறைமுகம் தெரியவில்லை, தொழிற்சாலை தெரியவில்லை. அவருடைய காது ஒன்று தெரிந்தது. அதற்குப் பின்னால் நீங்கள் தெரிந்தீர்கள்.

சுக்கானில் இருந்தீர்கள். முன்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தீர்கள். காற்று உங்கள் தலைமயிரைக் கலைத்தது, நீங்கள் ஒதுக்கவில்லை. உதடு அசைந்தது, பாடினீர்களோ தெரியாது. பிறகு கையைத் தூக்கி யாருக்கோ காட்டினீர்கள். அப்போது சிரித்தீர்கள்.

முப்பத்தொரு வருடமாக உங்களை எனக்குத் தெரியும். என் பிள்ளையின் ஞானஸ்நானத்தில், எத்தனையோ நத்தாரில் உங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த முகத்தை நான் கண்டதில்லை. நான் அந்தப் பலகையில் பன்னிரண்டு கிழமை இருந்தேன். எனக்கு ஒருநாளும் முகம் அப்படி ஆகியிருக்காது. அவர் யாரை நினைத்தார், யாரின் பெயரைக் கூப்பிட்டார் என்று நான் பட்ட எரிச்சல் எல்லாம் ஒரு பக்கம். அன்றைக்கு இந்தக் குசினியில் நின்று எனக்கு வந்த பொறாமை வேறு. அவர் அதில் இல்லவே இல்லை.

படகைக் கரையேற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை வரும் விமானத்துக்குச் சீட்டு எடுத்துவிட்டேன். உங்கள் சீட்டைத் திங்களுக்கு மாற்றுங்கள். காற்று விட்டால் ஞாயிற்றுக்கிழமை வெளியே போய், அந்தப் பியோர்ட் வாயால் இன்னொரு முறை உள்ளே வருவோம். நீங்கள் பிடியுங்கள். நான் பக்கத்தில் நெருக்கிக்கொண்டு இருக்கிறேன். பலகை ஒருவருக்குத்தான் என்றால் சண்டை பிடிப்போம், இனிக் கடதாசியில் இல்லாமல் நேரில். அலை வருவது உடம்புக்கு எப்படித் தெரியும் என்று எனக்குச் சொல்லித் தாருங்கள்.

உங்கள் அண்ணா முன்னால் போய் நிற்கட்டும். யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் திரும்பமாட்டோம்.

அன்புடன்,
அருள்